மலையகத்துப் பரசூட் படையினரின் பெயர்களும் எழுதப்பட வேண்டும்

மதிப்புக்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

கண்டி யுத்த மயானத்தைப் பற்றி அண்மையில் தங்கள் பத்திரிகையில் வெளிவந்த கட்டுரையை வாசித்தேன். இரண்டாம் உலகப் போரில் உயிர்நீத்து அங்கே அடங்கியிருக்கும் பிரித்தானிய, இந்திய, கிழக்கு ஆபிரிக்க, இலங்கை வீரர்களைப் பற்றிக் கட்டுரையாளர் மிகுந்த அக்கறையோடு எழுதியிருந்தார். அதன் தொடர்ச்சியாக இன்னொரு கூட்டத்தாரைப் பற்றி எழுத விரும்புகிறேன். அந்தப் போரில் இறக்காமல் திரும்பி வந்து, நமது தோட்டத்து லயங்களில் வாழ்ந்து, தாம் படையில் இருந்ததையே வெளியில் சொல்லாமல் கண்மூடிய முன்னாள் படைவீரர்கள் அவர்கள். இந்திய இராணுவத்தின் பரசூட் படையணியோடு பணிபுரிந்தவர்களும் அவர்களில் உண்டு. என் தந்தையார் அப்படிப்பட்ட ஒருவர்.

தேயிலைத் தோட்டத்துப் பிள்ளை ஒருவர் பரசூட் படைக்கு எப்படிப் போனார் என்று வாசகர்கள் வியக்கலாம். 1939ஆம் ஆண்டில் இலங்கை அரசாங்கம் தன் திணைக்களங்களில் நாட்கூலிக்கு வேலை செய்த இந்தியர்களை நீக்கத் தொடங்கியது. அதற்குப் பதிலடியாக இந்திய அரசாங்கம் அதே ஆண்டு ஓகஸ்ட் முதலாம் திகதியிலிருந்து தொழிலாளர்கள் இலங்கைக்கு வருவதைத் தடை செய்தது. அந்த வருடம் பங்குனியில் என் தந்தையார், அக்காவின் கலியாணத்துக்கென்று திருச்சி மாவட்டத்துச் சொந்த ஊருக்குப் போயிருந்தார். பெற்றோரும் தம்பியும் பொகவந்தலாவைப் பக்கத்துத் தோட்டத்தில் இருந்தார்கள். ஊரில் ஒரு துண்டு நிலமும் இல்லை, திரும்பி வர வழியும் இல்லை. சித்தப்பன் வீட்டில் எத்தனை காலம் சாப்பிடுவது என்று மனம் குன்றிப்போயிருந்த நேரத்தில், 1942இல், ஆள் சேர்க்க வந்தவர்களிடம் பெயரைக் கொடுத்துவிட்டார். மருத்துவப் பிரிவுக்கு அனுப்பப்பட்டவர், பின்னர் பரசூட் படையணியோடு சேர்ந்த கள மருத்துவப் பிரிவில் காயம்பட்டவர்களைத் தூக்கிச் செல்லும் வேலையில் அமர்த்தப்பட்டார். தடை வந்ததனால் ஊரில் அகப்பட்டுக்கொண்டு இப்படிப் பட்டாளத்துக்குப் போன தோட்டத்துப் பிள்ளைகள் வேறும் இருந்தார்கள் என்று அவர் சொல்லிக் கேட்டிருக்கிறேன்.

இந்தியாவின் 50ஆவது பரசூட் படையணி 1941 ஒக்டோபரில் டெல்லியில் உருவாக்கப்பட்டது. பயிற்சிக் கூடம் பின்னர் ராவல்பிண்டிக்கு அருகிலுள்ள சக்லாலாவுக்கு மாற்றப்பட்டது. ஆரம்ப காலத்தில் பயன்படுத்தப்பட்ட வலென்ஷியா விமானத்தின் அடித்தளத்தில் வெட்டியிருந்த துவாரத்தின் வழியாகத்தான் வெளியே குதிக்க வேண்டும். "ஓட்டையில காலைத் தொங்கப் போட்டுக்கிட்டு உக்காரணும், கீழ பார்க்கக் கூடாது, மேல இருக்கிற ஆள் கையைத்தான் பார்க்கணும்" என்று தந்தையார் சொல்வார். பரசூட் கதையென்று அவர் விரும்பிச் சொன்னது அந்த அளவே. பிள்ளைகள் நாங்கள் மேலும் கேட்டால், குதித்தது பெரிய காரியமல்ல, தூக்கியதுதான் பெரிய காரியம் என்று பேச்சை முடித்துவிடுவார்.

அவர் தூக்கிய இடம் மணிப்பூரிலுள்ள சங்ஷாக் என்னும் மலைக்கிராமம். 1944 மார்ச் மாதம் காட்டுப் பயிற்சிக்காக அந்தப் பகுதிக்கு அனுப்பப்பட்டிருந்த பரசூட் படையணி, கொஹிமா, இம்பால் நகரங்களை நோக்கி வந்துகொண்டிருந்த ஜப்பானியப் படையின் பாதையில் எதிர்பாராமல் அகப்பட்டுக்கொண்டது. வானத்திலிருந்து குதிக்கப் பழகியவர்கள், குதிப்பதற்கு ஒரு தேவையும் ஏற்படாமலே, தரையில் காலாட்படையாக நின்று சண்டையிட நேர்ந்தது. 19ஆம், 20ஆம் திகதிகளில் 152ஆவது இந்தியப் பரசூட் பட்டாலியனின் ஒரு கம்பனிப் பிரிவு, முன்னரங்கக் குன்று ஒன்றில் ஏறக்குறைய முழுதாக அழிந்தது. எஞ்சியவர்களும், 153ஆவது கூர்க்கா பரசூட் பட்டாலியனும், அவர்களோடு சேர்க்கப்பட்ட மராட்டா காலாட்படைப் பட்டாலியனும் சங்ஷாக் குன்றின் மேல் சுற்றி வளைக்கப்பட்டு, 26ஆம் திகதி இரவு வெளியேறும்படி கட்டளை வரும்வரை அங்கேயே நின்று பிடித்தார்கள். மண்ணைத் தோண்டினால் கொஞ்ச ஆழத்திலேயே பாறை தட்டியதால் ஒழுங்கான பதுங்குகுழி வெட்ட முடியவில்லை. முட்கம்பி இல்லை. தண்ணீர் சொட்டுச் சொட்டாகத்தான் கிடைத்தது. விமானங்கள் போட்ட உணவிலும் மருந்திலும் பெரும்பகுதி எதிரியின் பக்கம் போய் விழுந்தது. செத்த கோவேறு கழுதைகளைப் புதைக்கக்கூட வழியில்லாமல் போயிற்று.

தண்ணீரைப் பற்றித்தான் தந்தையார் அடிக்கடி பேசுவார். குடலில் காயம்பட்டவனுக்குத் தண்ணீர் கொடுக்கக் கூடாது என்று டொக்டர் கட்டளையிட்டிருப்பார். காயம்பட்டவனோ அவர் சட்டையைப் பிடித்துக்கொண்டு ஒரு வாய் கேட்பான். துணியை நனைத்து உதட்டில் வைக்கலாம் என்றால், அந்தத் துணியை நனைக்கும் தண்ணீரும் இன்னொருவனுடைய பங்கு. கடைசி இரவில், நடக்க முடிந்தவர்களையும் தூக்க முடிந்தவர்களையும் கூட்டிக்கொண்டு இருட்டில் மலைச்சரிவில் இறங்கினார்கள். நடக்கவே இயலாத நிலையில் இருந்தவர்களை விட்டுவிட்டு வர வேண்டியதாயிற்று. அதைச் சொல்லும்போது மட்டும் என் தந்தையார் ஆட்களின் பெயர்களைச் சொல்வதில்லை, அவர்கள் கிடந்த இடங்களைத்தான் சொல்வார்: கோயில் பக்கம் இரண்டு பேர், மரத்தடியில் மூன்று பேர். அந்தக் குன்றின் மேல் கிறிஸ்தவ ஆலயம் ஒன்று இருந்ததைப் பிற்காலத்தில் நான் வரலாற்று நூல்களில் வாசித்தபோது, அவர் கோயில் என்று சொன்னது அதைத்தான் என்று புரிந்துகொண்டேன்.

அந்த ஒரு வாரத் தாமதம் கொஹிமாவையும் இம்பாலையும் காப்பதற்கு வேண்டிய அவகாசத்தைத் தந்தது என்று போர் வரலாற்றாசிரியர்கள் எழுதுகிறார்கள். தோற்று ஓடிவந்த படை என்று முதலில் இகழப்பட்ட படையணியை, பர்மா முனையில் போரிட்ட பிரித்தானியப் பதினான்காம் படையின் தளபதி ஸ்லிம் அதே ஆண்டு ஓகஸ்டில் விசேட கட்டளை ஒன்றின் மூலம் பாராட்டினார். சங்ஷாக் சண்டை முடிந்து ஒரு மாதம் செல்வதற்குள், தென்கிழக்கு ஆசியாவுக்கான நேச நாடுகளின் தலைமையகம் டெல்லியிலிருந்து பேராதனைத் தாவரவியல் பூங்காவுக்கு வந்து சேர்ந்தது. 1945 மே முதலாம் திகதி ரங்கூன் ஆற்று முகத்துவாரத்தில் கூர்க்கா பரசூட் படையினரை இறக்கிய நடவடிக்கையும் அந்தத் தலைமையகத்தின் கீழ்த்தான் நடந்தது. பூங்காவைப் பார்க்க வரும் பாடசாலைப் பிள்ளைகளுக்கு, அந்தத் தலைமையகத்தின் தளபதியான மவுண்ட்பேட்டன் பிரபு அங்கே இருந்த கதையை நாம் சொல்லிக் கொடுக்கிறோம். அவருடைய கட்டளைக்குக் கீழே சேவை செய்தவர்களில், அந்தப் பூங்காவிலிருந்து சில மணித்தியாலப் பயணத்தூரத்துத் தோட்டங்களைச் சேர்ந்தவர்களும் இருந்தார்கள் என்பதையும் சேர்த்துச் சொல்ல வேண்டும் என்பது என் வேண்டுகோள்.

இவர்கள் ஏன் வாய் திறக்கவில்லை என்பதைக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும். 1946இல் படையிலிருந்து விடுவிக்கப்பட்ட தந்தையார், முன்பு இலங்கையில் வாழ்ந்தவர்கள் திரும்பி வருவதற்குக் கிடைத்திருந்த தளர்வைப் பயன்படுத்தி, மண்டபம் முகாம் வழியாகக் கப்பலேறித் தலைமன்னாரில் வந்திறங்கினார். இரண்டு வருடங்களில், மலையகத் தமிழரில் பெரும்பாலோரின் பிரஜாவுரிமையைப் பறித்த 1948இன் பிரஜாவுரிமைச் சட்டம் வந்தது. அடுத்த ஆண்டு இந்திய பாகிஸ்தானிய வதிவாளர் சட்டம் வந்தது. அதன்படி பிரஜையாகப் பதிவுசெய்ய விரும்பியவர், மணமானவராயின் ஏழு வருடமும் மணமாகாதவராயின் பத்து வருடமும் இந்த நாட்டில் இடையறாது வசித்ததைக் காட்ட வேண்டும். ஒரே தடவையில் பன்னிரண்டு மாதத்துக்கு மேல் நாட்டை விட்டு நீங்கியிருந்தால் தொடர்ச்சி அறுந்துவிடும் என்பது பொது விதி. சட்டத்தின் நுணுக்கங்கள் லயத்துக்கு வந்து சேரவில்லை; பயம் மட்டும் வந்து சேர்ந்தது. படைச் சேவைக்கான விடுவிப்புச் சான்றிதழை வெளியே எடுத்தால், அவர் ஏழு வருடம் இந்தியாவில் இருந்தார் என்பதற்குத் தாமே சாட்சி கொடுத்தது போலாகும் என்று பெரிய கணக்கப்பிள்ளை எச்சரித்தாராம். அன்றைக்கே அது தகரப் பெட்டியின் அடிக்குப் போய்விட்டது. விண்ணப்பித்த எட்டு இலட்சத்துக்கும் மேற்பட்டோரில் ஏறத்தாழ 134,000 பேருக்குத்தான் கடைசியில் பிரஜாவுரிமை கிடைத்தது. என் தந்தையாருக்குக் கிடைக்கவில்லை. பிரித்தானிய அரசரின் படையில் உயிரைப் பணயம் வைத்த மனிதர், அதே அரசரின் முடிக்குக் கீழிருந்த இலங்கையில் நாடற்றவராக வாழ்ந்தார் என்பதை நினைக்கும்போது எனக்கு இன்றும் நெஞ்சு கொதிக்கிறது.

இரண்டாவது காரணம் பிந்தியது. தந்தையார் சீருடையோடு எடுத்துக்கொண்ட ஒரே புகைப்படம் எங்கள் காம்பராவின் சாமிப் படங்களுக்குப் பக்கத்தில் நெடுங்காலம் தொங்கியது. 1983 ஜூலைக் கலவரத்துக்குப் பிறகு, தேடுதலுக்கு வருகிறவர்கள் ஒரு தமிழன் இராணுவ உடையில் நிற்பதைக் கண்டால் எந்த இராணுவம் எந்த வருடம் என்றா கேட்பார்கள் என்று பயந்து, என் தாயார் அதை அடுப்பில் போட்டுவிட்டார். அவரை நான் குறைசொல்ல மாட்டேன். வயதுவந்த ஆண்பிள்ளைகள் இருந்த வீட்டில் அந்த அச்சம் நியாயமானது. இதே போன்ற கதையை, ஹப்புத்தளைப் பக்கத்தில் ஒரு குடும்பத்திடமும் மஸ்கெலியாவில் ஓர் அம்மையாரிடமும் கேட்டிருக்கிறேன். ஒரு வீட்டில் படத்தை எரித்தார்கள், மற்ற வீட்டில் பெயர் பொறித்த அடையாளத் தகட்டைக் கானுக்குள் எறிந்தார்கள்.

மூன்றாவதாக, இலங்கைக்கும் இந்தியாவுக்கும் இடையிலான 1964இன் சிறிமா–சாஸ்திரி ஒப்பந்தம் எங்கள் ஆட்களைப் பிரித்தது போலவே அவர்களுடைய காகிதங்களையும் பிரித்துவிட்டது. 525,000 பேர் இந்தியாவுக்கு, 300,000 பேர் இங்கே என்று எழுதப்பட்ட கணக்கில் என் மூத்த அக்காவின் குடும்பம் அந்தப் பக்கம் விழுந்தது. எழுபதுகளில் தமிழ்நாட்டின் நீலகிரியிலுள்ள கோத்தகிரிக்குப் போன அக்காவிடம், அங்கே ஏதும் உதவிப் பணம் கிடைக்கலாம் என்ற நம்பிக்கையில், பர்மாப் போர்முனையில் சேவை செய்தவர்களுக்கு வழங்கப்பட்ட தன் பர்மா நட்சத்திரப் பதக்கத்தைத் தந்தையார் கொடுத்தனுப்பினார். உதவிப் பணம் ஒன்றும் கிடைக்கவில்லை. பதக்கம் இன்னும் அக்கா மகனிடம் இருக்கிறது. ஆறு முனை கொண்ட வெண்கல நட்சத்திரம். நடுவில் அரசரின் எழுத்துகள். நாடாவின் நடுவே சிவப்பு, இரு பக்கமும் கருநீலம், நீலத்துக்குள்ளே மெல்லிய செம்மஞ்சள் கோடு. நாடாவில் தந்தையார் சட்டைப் பையில் வைத்திருந்தபோது பட்ட தேயிலைச் சாயக் கறை அப்படியே இருக்கிறது. விடுவிப்புச் சான்றிதழ் என்னிடம் இருக்கிறது. நான்காக மடித்த மடிப்பில் அது பிரிந்துபோனதால், படைப்பிரிவின் பெயரில் பாதி ஒரு துண்டிலும் மீதி இன்னொரு துண்டிலும் நிற்கிறது. பதக்கத்தையும் சான்றிதழையும் ஒரே மேசையில் வைத்துப் பார்க்கும் வாய்ப்பு எங்கள் குடும்பத்தில் எவருக்கும் இன்றுவரை கிடைக்கவில்லை.

அந்தச் சான்றிதழில் ஊர் என்ற இடத்தில் கிராமம், தாலுக்கா, மாவட்டம் என்று திருச்சிப் பக்கத்து முகவரிதான் எழுதப்பட்டிருக்கிறது. தோட்டத்தின் பெயர் எங்கும் இல்லை. இந்திய ஆவணங்களில் இவர்கள் தமிழ்நாட்டுக் கிராமத்து ஆட்கள். இலங்கை ஆவணங்களில் இவர்கள் படைக்கே போகாத ஆட்கள். மியன்மாரின் தௌக்யானிலுள்ள ரங்கூன் நினைவுத்தூணில் கல்லறை அறியப்படாத ஏறத்தாழ 27,000 வீரர்களின் பெயர்கள் பொறிக்கப்பட்டிருக்கின்றன. இம்பாலில், சமய முறைப்படி தகனம் செய்யப்பட்டவர்களுக்குத் தனியாக ஒரு நினைவுச்சின்னம் இருக்கிறது. பொதுநலவாய யுத்த மயான ஆணைக்குழுவின் பதிவேட்டில் எவரும் தேடிப் பார்க்கலாம். அந்தப் பதிவுகளிலுள்ள தமிழ்ப் பெயர்களில் யாராவது நமது தோட்டத்துப் பிள்ளையா என்பதைச் சொல்லக்கூடியவர்கள் அவர்களுடைய குடும்பத்தார் மட்டுமே. வீட்டில் அதைச் சொல்லத் தெரிந்தவர்கள் இப்போது எழுபதையும் எண்பதையும் கடந்துவிட்டார்கள். அதனால்தான் அவசரப்பட்டு எழுதுகிறேன்.

இந்தியப் பரசூட் படையில் தமிழருக்கு இடமே இருக்கவில்லை என்று நினைப்பவர்களுக்காக ஒரு பெயரைச் சொல்கிறேன். 152ஆவது பட்டாலியனின் மருத்துவ அதிகாரியாக இருந்த டொக்டர் ஏ. ஜி. ரங்கராஜ், பரசூட்டில் குதித்த முதல் இந்தியர்களில் ஒருவர். பின்னர் கொரியப் போரில் 60ஆவது பரசூட் கள மருத்துவப் பிரிவுக்குத் தலைமை தாங்கினார். 1951 மார்ச் 23ஆம் திகதி முன்சான் என்ற இடத்தில் அமெரிக்கப் பரசூட் படையினரோடு, ஆயுதத்துக்குப் பதிலாகக் காயத்துக்குக் கட்டும் பொருட்களைச் சுமந்துகொண்டு, தம் ஆட்களோடு குதித்தார். இந்தியா அவருக்கு மகா வீர் சக்ரா விருது வழங்கியது. இந்தச் செய்தியைத் தந்தையாருக்குப் பழைய சகா ஒருவர் கடிதத்தில் எழுதியிருந்தார் என்றும், அதைத் தந்தையார் தோட்டத்துத் தேநீர்க்கடையில் வைத்து இரண்டு முறை சத்தமாக வாசிக்கச் சொன்னார் என்றும் என் தாயார் சொல்வார். தந்தையார் தன் படை வாழ்க்கையைப் பற்றி ஊரறியப் பெருமைப்பட்டது அந்த ஒரு நாளில்தான் போலும்.

வடக்கிலுள்ள வாசகர்களை மனதில் வைத்து ஒன்று சொல்ல வேண்டும். பரசூட் படை என்றதும் அவர்களுக்கு 1987 ஒக்டோபரில் யாழ்ப்பாணப் பல்கலைக்கழக வளாகத்தில் ஹெலிகொப்டர்களில் வந்திறங்கிய இந்தியப் பரா கொமாண்டோக்களும், அதற்குப் பிந்திய மாதங்களின் துயரங்களும்தான் நினைவுக்கு வரும். அந்தத் துயரம் உண்மையானது, அதை ஆற்றுவதற்கு எவரும் இன்னும் போதுமானதைச் செய்யவில்லை. என் தந்தையாரின் தலைமுறையைப் பற்றிய நினைவு அந்த நினைவை மூடி மறைக்கக் கூடாது. இது எந்த இராணுவத்தின் புகழையும் பாடுவதற்கான முயற்சியல்ல. வறுமையாலும் தடைச்சட்டத்தாலும் படைக்குத் தள்ளப்பட்டு, அங்கே பெரும்பாலும் காயம்பட்டவர்களைச் சுமந்த மனிதர்களின் பெயர்களைக் காப்பாற்றும் முயற்சி.

போரில் இறந்தவர்களின் நினைவு நாளன்று கொழும்பில் பொப்பி மலர் அணியும் வழக்கத்தைப் பற்றியும் நமக்கு ஒரு வரலாறு உண்டு. பொப்பி மலர் விற்ற பணம் பிரித்தானியாவுக்கே போகிறது, இலங்கை முன்னாள் வீரர்களுக்கு உரியது கிடைப்பதில்லை என்ற மனக்குறையிலிருந்துதான், பொப்பிக்குப் பதிலாகச் சூரியமல் பூவை விற்ற சூரியமல் இயக்கம் 1930களில் பிறந்தது. மலேரியாக் காலத்தில் அந்த இயக்கத்தின் இளைஞர்கள் கிராமங்களுக்குப் போய் உழைத்தார்கள். முன்னாள் வீரரை மதிப்பதும் பேரரசை எதிர்ப்பதும் ஒரே நெஞ்சில் இருக்கலாம் என்று அவர்கள் காட்டினார்கள். மலையகத்தவர்கள் நாமும் அப்படி நினைவுகூரலாம்.

ஆகையால் தங்களிடம் இரண்டு விண்ணப்பங்களை வைக்கிறேன். முதலாவது, ஒவ்வொரு மார்ச் மாதமும் அல்லது தங்களுக்கு வசதியான வேறொரு மாதத்தில், முன்னாள் படைவீரர்களின் குடும்பங்கள் அனுப்பும் பெயர்களையும் குறிப்புகளையும் வெளியிடத் தங்கள் பத்திரிகையில் ஒரு பக்கத்தை ஒதுக்குங்கள். பரசூட் படை, மருத்துவப் பிரிவு, வீதி அமைத்த பிரிவு, சாரதிப் பிரிவு என்று வேறுபாடு பார்க்க வேண்டியதில்லை. பெயர், தோட்டத்தின் பெயர், எந்தப் பிரிவு, வீட்டில் என்ன சொன்னார்கள் என்ற நான்கு விடயங்கள் போதும். தோட்டத்தின் பெயரை மட்டும் எவரும் விட்டுவிடக் கூடாது, ஏனென்றால் உலகத்திலுள்ள வேறெந்தப் பதிவேட்டிலும் இல்லாத தகவல் அது. தங்கள் பத்திரிகை கோத்தகிரியிலும் கூடலூரிலும் இணையத்தின் மூலம் வாசிக்கப்படுவதால், அக்கரையிலுள்ள உறவினர்களிடமும் இந்த வேண்டுகோள் போய்ச் சேரும். பதக்கங்களில் பல அவர்களிடம்தான் இருக்கின்றன.

இரண்டாவது, இப்படிச் சேரும் பிரதிகளுக்கு நிலையான இடம் ஒன்று வேண்டும். தேயிலை இயந்திரங்களுக்கு ஹந்தானையில் ஓர் அருங்காட்சியகம் இருக்கிறது. தோட்டத் தொழிலாளரின் வாழ்க்கைக்கென்று கம்பளைப் பகுதியில் பழைய லயத்திலேயே அமைந்த அருங்காட்சியகமும் ஆவணக் காப்பகமும் இருக்கின்றன. படைச் சேவை பற்றிய ஆவணங்களையும் அங்கே தனித் தொகுப்பாக வைக்க அதன் நிர்வாகத்தினர் முன்வர வேண்டும் என்று தங்கள் பத்திரிகையின் வாயிலாகக் கேட்டுக்கொள்கிறேன். என்னிடமுள்ள சான்றிதழின் பிரதியை முதலாவதாகக் கொடுக்க நான் ஆயத்தமாக இருக்கிறேன்.

ஆவணம் வைத்திருக்கும் குடும்பங்களுக்கும் ஒரு வார்த்தை. மடிப்பில் கிழிந்த காகிதத்தைப் பிளாஸ்டிக் நாடாவால் ஒட்ட வேண்டாம். சில வருடங்களில் அந்தப் பசை எழுத்தையே தின்றுவிடுகிறது. லெமினேட் செய்யவும் வேண்டாம். விரித்து, ஈரமில்லாத தட்டையான உறையில் வைத்து, கைத்தொலைபேசியில் இரு பக்கமும் படமெடுத்துக்கொள்ளுங்கள். பதக்கத்தைப் பளபளப்பாக்குவதற்காகத் தேய்க்காதீர்கள். மூலப் பிரதியைக் கேட்டு யார் வந்தாலும், எந்த அலுவலகத்திலிருந்து வந்தாலும், பிரதியை மட்டும் கொடுங்கள்.

இவ்வண்ணம்,
ஓய்வுபெற்ற ஆசிரியர் ஒருவர்,
பொகவந்தலாவை.